அந்த அரசாணையை எங்கே பார்த்தீர்கள்?

பதினொன்றரைக்குக் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு அறைகளில் ஒரே நேரத்தில் இணை அமர்வுகள். ஆளுக்கு ஏழு நிமிடம். அடுத்துப் பேச வேண்டியவர்களைத் தவிர அறையில் யாரும் இல்லை. மாலையில் சான்றிதழ், குழுப்படம். வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்களுக்கு இந்தத் 'தேசியக் கருத்தரங்கம்' பழகிப்போனது.

ஆய்வாளர்களைத் திட்டிப் பயனில்லை. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டு, கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை சொன்னது. வாசித்ததற்குச் சான்றிதழையும் கேட்டது. பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழோடு ஐஎஸ்பிஎன் எண் போட்ட தொகுப்பு நூலும் கைக்கு வரும் என்ற ஏற்பாடு அதன்பின் தழைத்ததில் வியப்பென்ன?

2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது, கூடவே எம்.ஃபில். படிப்பையும் நிறுத்தியது. முன்னதைப் பலரும் வரவேற்றோம். பின்னதால் என்ன போயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எப்படிக் கோப்பு கேட்பது, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று ஒருவர் தட்டுத் தடுமாறிக் கற்ற இடம் அது. இன்று எம்.ஏ. முடித்தவர் நேரே முனைவர் பட்ட ஆய்வில் இறங்குகிறார். நெறியாளருக்கோ வகுப்பும் நிர்வாக வேலையும் தலைக்கு மேல்.

இந்த இடத்தில்தான் ஆய்வு மாணவர்கள் தாங்களே நடத்தும் மாநாட்டுக்கு வேலை இருக்கிறது. அப்படி ஒன்றில் போய் உட்கார்ந்திருந்தேன். பொன்னாடை இல்லை. எட்டே கட்டுரைகள், எல்லாவற்றையும் பத்து நாள் முன்பே படியெடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஏரிப் பாசனம் பற்றி வாசித்த இளைஞரிடம் பின்வரிசைப் பெண் ஒருவர் கேட்டார்: "இந்த ஜி.ஓ. எந்த டிபார்ட்மென்ட்?" அவரிடம் பதில் இல்லை. "எழும்பூர்ல பார்த்தீங்களா, இல்ல வேற புத்தகத்தோட அடிக்குறிப்புல இருந்து எடுத்தீங்களா அண்ணா?" அறையில் சிரிப்பு, அவரும் சிரித்துவிட்டு, எடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்.

சின்னக் கேள்வியாகத் தோன்றும். சென்னை மாகாண அரசாணைகளுக்குத் துறைவாரியாகத்தான் எண் ஓடும். நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வந்த வகுப்புவாரி அரசாணை 613 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அது பொதுத்துறையின் 613. துறையும் தேதியும் இல்லாமல் எண்ணை மட்டும் கொண்டுபோனால் காப்பகத்தில் எந்தக் கட்டைத் தேடுவது? ஏழு நிமிட அமர்வில் இதைக் கேட்க நேரமும் இருக்காது, தைரியமும் வராது. எதிரே இருப்பவர் நாளை தன் ஆய்வேட்டைத் திருத்தப்போகிறவரோ என்ற பயம் வேறு. சக மாணவரிடம் அந்தப் பயம் கிடையாது.

மாணவர்களே ஒருவர் எழுதியதை ஒருவர் கேள்வி கேட்பது புதிய யோசனை ஒன்றுமில்லை. 1830களில் பெர்லினில் வரலாற்றாசிரியர் ரங்கே தன் வீட்டில் மாணவர்களைக் கூட்டி, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அலசும்படி விட்டார். வரலாற்றுத் துறையில் கருத்தரங்கு என்று நாம் சொல்வதன் பூர்வீகம் அந்த அறை. அங்கே குருநாதர் இருந்தார் என்பது வேறு விஷயம்.

ஆனால் மாணவர் மாநாடுகள் பலவும் சீக்கிரமே நின்றுபோகின்றன. நடத்தியவர் ஆய்வேடு எழுதப் போய்விடுவார்; உதவித்தொகை தாமதமானால் டீ வாங்கவும் காசிருக்காது. துறைகள் மண்டபச் சாவியையும் படியெடுக்கும் செலவையும் கொடுக்கலாம். கொடுத்தால் மேடையில் நாற்காலி கேட்பார்கள் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள், அனுபவம் அப்படி. தமிழில் எழுதியதற்கு ஆங்கிலச் சுருக்கம் கட்டாயம் என்று யாரும் வம்புக்கு வராமலிருந்தால் இன்னும் நல்லது. பேராசிரியர்கள் தாராளமாக வரட்டும். முன்கூட்டியே கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்து, பின்வரிசையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்காரட்டும்.