அவர் காசு அவர் கையிலே

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பெரியோர் வாக்கு. காசு விஷயத்தில் இத்தனை கண்டிப்பு உள்ள நம் நாட்டில், ஒரு சாராருடைய காசு மட்டும் அளக்கப்படாமலும், உரியவரைக் கேளாமலும் செலவாகிப் போகிறது. அவர்கள் யார்? அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்கள். முன்னாளில் மனவளர்ச்சி குன்றியோர் என்றார்கள். இன்று சட்டம் அறிவுசார் குறைபாடு உடையோர் என்கிறது. பெயர் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. “அதுக்கு என்ன தெரியும், பாவம்!” என்ற ஒரு சொல்லோடு அவர்கள் காசு வேறொருவர் சுருக்குப்பைக்குள் போய்விடுகிறது.

அவர்களுக்கு ஏது காசு என்று கேட்கலாம். கடுமையான குறைபாடு உள்ளோருக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை அளிக்கிறது. 2023-ஆம் ஆண்டில் அது 2,000 ரூபாயாக இருந்தது. இதுவன்றி, இறால் ஆய்ந்தும், வலையிலிருந்து மீன் பிரித்தும், கூடை சுமந்தும் உழைப்பவர்கள் உண்டு. உழைப்பு அவருடையது, கூலி மட்டும் எப்படி வேறொருவருடையதாகும்?

பெரும்பாலான குடும்பங்களில் இது அன்பினாலேயே நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. தாய் தன் மகளின் காசை எடுத்து மகளுக்கே சோறாக்கிப் போடுகிறாள். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் தாய் கண் மூடிய பிறகு? நாற்பது வயது வரை ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கையில் பிடித்தறியாத மகள், யார் கொடுத்தாலும் வாங்கி, யார் கேட்டாலும் கொடுத்து, ஏமாந்து நிற்பாளல்லவா? ஏமாற்றப்படுவாள் என்று அஞ்சிக் காசை ஒளித்து வைப்பதே, பின்னொரு நாள் அவள் ஏமாறுவதற்கு வழி செய்கிறது.

நம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறோம். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறால் படுவதில்லை. நல்ல இடத்தை வலுத்தவரே என்றும் பிடித்துக்கொள்ளாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் முறை வைத்துக்கொண்டு, ஊருக்குள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொள்வது வழிவழியாக வந்தது. இதற்குப் ‘பாடு’ என்று பெயர். சீட்டுக்கு இவன் கெட்டிக்காரன், அவன் மந்தம் என்ற பேதம் தெரியாது. முறை வந்தவருக்கு இடம் உண்டு. தண்ணீரில் இந்த நியாயத்தைக் கண்ட நம் ஊர், வீட்டுக்குள் காசிலும் அதைக் காணக்கூடாதா?

“கணக்கே வராத பிள்ளைக்குக் காசை எப்படிப் பழக்குவது?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கணக்கு வேறு, காசைக் கையாளுவது வேறு. 2016 முதல் 2019 வரை வெளிவந்த புதிய ரூபாய் நோட்டுகளைப் பாருங்கள். பத்து பழுப்பு, இருபது பச்சை கலந்த மஞ்சள், ஐம்பது நீலம், நூறு இளம் ஊதா, இருநூறு நல்ல மஞ்சள், ஐந்நூறு சாம்பல். மதிப்பு ஏற ஏற நீளமும் ஏறுகிறது. எண் தெரியாதவரும் நிறத்தையும் நீளத்தையும் கொண்டு அறியலாம். பழைய ஐம்பதும் ஊதாச் சாயலே. ஆகவே அதையும் புதிய நூறையும் அருகருகே வைத்துப் பலமுறை காட்ட வேண்டும்.

கடையில் விலை 43 ரூபாய் என்றால் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நான்கு பத்து, மேலே இன்னொரு பத்து கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கப் பழக்கினால் போதும். மீன் விற்பதிலும் இதற்கு வழி உண்டு. நம் தாய்மார்கள் கூறு கட்டி விற்கிறார்களே, அதுவே சிறந்த பள்ளிக்கூடம்! ஒரு கூறு ஐம்பது ரூபாய் என்று வைத்தால், ஒரு கூறுக்கு ஒரு நீல நோட்டு. நூறு ரூபாய் தந்தவருக்கு ஒரு கூறும், ஒரு நீல நோட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு வாய்ப்பாடு எதற்கு? வீட்டில் மூன்று டப்பாக்கள் வைத்து, படம் ஒட்டி, ஒன்று செலவுக்கு, ஒன்று சேமிப்புக்கு, ஒன்று வீட்டுக்குத் தரும் பங்குக்கு என்று பிரித்துப் போடச் செய்யலாம். “சிறுதுளி பெருவெள்ளம்” என்பதை அவரும் கண்ணால் காண்பார்.

நடுவில் தவறு நேராதா? நேரும். இருபது ரூபாயை வளையலுக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பாள். குடி முழுகிப் போகாது. திருவிழாக் கடையில் வேண்டாததை வாங்காத மனிதர் யார்? சிறு காசில் தவறுகிறவர்தாம் பெருங்காசில் எச்சரிக்கை கற்பார். ஆனால் ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணையும், தொலைபேசியில் வரும் ஓ.டி.பி. எண்ணையும் வெளியார் யார் கேட்டாலும் சொல்லலாகாது என்பதை மட்டும் நாள்தோறும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் இரக்கத்தால் தரும் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது; இது உரிமை. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் உறுதி செய்தது. அதன் வழியில் வந்தது நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம். சொத்து வைத்திருக்கவும், தம் பண விவகாரங்களைத் தாமே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று அதன் 13-ஆம் பிரிவு கூறுகிறது. உதவி செய்பவருக்கே அந்தக் காசில் ஆதாயம் இருந்தால், அவர் அந்தக் காரியத்தில் விலகி நிற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எத்தனை நுட்பமான நியாயம்!

உதவி இருந்தும் தாமாக முடிவு செய்ய இயலாதவர்களும் உண்டு. பதினெட்டு வயது நிறைந்த அத்தகையோருக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டக் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் இக்குழுவில் இருக்கிறார். அந்தப் பாதுகாவலரும் தன் இஷ்டம்போல் நடக்க முடியாது. ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். நியமனம் பெற்ற பாதுகாவலரே கணக்குக் காட்ட வேண்டியிருக்க, நியமனமே இல்லாமல் பிறர் காசை வைத்திருப்போர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்கள்?

சுவீடன் நாட்டில் 1989-ஆம் ஆண்டு தொடங்கி, ஒருவரைத் தகுதியற்றவர் என்று அறிவிக்கும் முறையே ஒழிக்கப்பட்டது. அங்கே துணைக்கு நியமிக்கப்படுபவரின் பதவிப் பெயருக்கு ‘நல்ல மனிதர்’ என்று பொருள். அவர் துணை நிற்பார். மற்றவருடைய உரிமை பறிபோவதில்லை. சட்டம் கேட்பதும் நல்ல மனிதரைத்தான். அவரை நாம் சீமையில் தேட வேண்டுமா?

அன்புத் தோழியரே! கடைக்குப் போகும்போது அத்தகைய அக்காளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காசை அவரே கொடுக்கட்டும், நீங்கள் அருகில் நில்லுங்கள். பெற்றோர்களே! பிள்ளை பெயரில் வரும் பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். புரியாது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். எளிய சொற்களில் சொல்லிப் பாருங்கள். வங்கிக்குச் செல்லும்போது உடன் அழைத்துச் சென்று, எழுத்தரிடம் அவரையே பேசவிடுங்கள். கடைக்காரர்களே! சில்லறையைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டாமல், காசு கொடுத்த கையிலேயே வையுங்கள்.

உதவி என்பது ஒருவர் கையிலிருந்து காசை வாங்கி வைத்துக்கொள்வது அன்று. காசு பிடித்த கை நடுங்கும்போது அருகில் நிற்பதே உதவி. அவ்வாறு நிற்க நாம் ஒவ்வொருவரும் முயல்வோமாக!