கட்செவி கேட்குமோ?

பாம்பிற்குக் 'கட்செவி' என்னும் பெயர் தமிழிலுண்டு. கண்ணையே செவியாகவும் உடையது என்பது அதன் பொருள். புறத்தே செவித்துளை காணப்படாமையின் முன்னோர் அவ்வாறு கருதினர் போலும். மகுடியின் முன் நாகம் ஆடுவது இசைக்கா, குழலின் அசைவுக்கா என மாணவர் எம்மை வினவுவதுண்டு. இதற்கு விடை தேடிய ஒருவரின் வரலாறு, விடையினும் சிறந்த பாடமொன்றைத் தருகின்றது.

ஏர்ணஸ்ட் கிளென் வீவர் 1902 இல் பிறந்தவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தவர். 1930 இல் அவரும் சார்ள்ஸ் பிரேயும், உணர்விழக்கச் செய்த பூனையொன்றின் செவிநரம்பில் மின்வாயைப் பொருத்தி, அங்கெழுந்த மின்னலைகளைப் பெருக்கி, வேறோர் அறையிலிருந்த தொலைபேசிக் குழாய்க்கு அனுப்பினர். ஒருவர் பூனையின் காதருகே பேச, மற்றவர் அப்பேச்சை அவ்வறையிலே தெளிவாகக் கேட்டார்! நரம்பே பேச்சொலியை அவ்வாறு சுமந்து செல்கின்றது என இருவரும் கொண்டனர். அறிஞருலகம் வியந்தது.

ஆயின் 1931 இல் இங்கிலாந்து அறிஞர் எட்ரியன், அது நரம்பின் குரலன்று, உட்செவியே ஒலிவாங்கி போல மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கின்றது என்றார். நரம்பிலே துடிப்புகள் செல்வது மெய்யே. எனினும் அன்று கேட்ட குரலிற் பெரும்பகுதி உட்செவியின் மயிர்க்கலங்களிலிருந்து வந்ததென்பது பின்னர் உறுதியாயிற்று.

வீவர் நாணி ஒதுங்கினாரல்லர். அம்மின்னழுத்தத்தையே தமக்கு அளவுகோலாக்கிக் கொண்டார். வாய் பேசாப் பிராணியிடம் "கேட்கின்றதா?" என வினவ இயலாது. ஆனால் எவ்வொலிக்கு அதன் உட்செவி எவ்வளவு மின்னைப் பிறப்பிக்கின்றது என அளக்கலாமன்றோ? பல்லி, ஆமை, முதலை எனப் பல ஊர்வனவற்றின் செவிகள் அவ்வாறு அளக்கப்பட்டன.

1960 இல் அவரும் ஜாக் வேர்னனும் வெளியிட்ட ஆய்வு, பாம்பு முழுச்செவிடன்று எனக் காட்டியது. அதற்குச் செவிப்பறை இல்லை. தாடைப்புறத்தோடு தொடுத்த சிற்றென்பு ஒன்று அதிர்வை உட்செவிக்குக் கொண்டுசெல்கின்றது. வினாடிக்குச் சில நூறு அதிர்வுகளையுடைய தாழ்ந்த ஒலி அதற்குக் கேட்கும். உயர்ந்த ஒலி பெரிதும் கேளாது. உட்செவி உணர்ந்ததை மூளையும் அறியுமோ என்ற ஐயத்துக்கு, 1971 இல் பீற்றர் ஹாட்லைன் பாம்பின் நடுமூளையிலே துலங்கலைப் பதிவுசெய்து விடை கண்டார்.

மகுடி முன் ஆடும் நாகமோ குழலின் அசைவையே பின்பற்றுகின்றது. அவ்விடத்திற் கட்செவி என்ற பெயர் பொருந்தும். செவியே இல்லையென்பதுதான் பொருந்தாது.

1978 இல், தம் முதுமையிலே, ஊர்வனவற்றின் செவி பற்றி ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கொண்ட நூலை வீவர் வெளியிட்டார்.

பிழை விட்ட தாளைக் கிழித்தெறியும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். கிழிக்குமுன், எங்கே பிழைத்தோம் என ஒருமுறை நோக்குக. வீவரின் வாழ்நாட் பணிக்கான கருவி அவரது பிழையினுள்ளேதான் கிடந்தது. அத்தாளைக் கண்டு சினக்கும் பெற்றோரும் இதனை நினைவிற் கொள்வாராக.