உள்ளே தூக்கி வைத்துவிடுவார்களாம்!

"கார்டு கடன் கட்டலைன்னா உள்ள தூக்கி வெச்சிருவாங்க." வியாசர்பாடியில் இதைச் சந்தேகப்படுகிறவர் அபூர்வம். வெறும் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மாற்றுத்திறனாளியின் உதவித்தொகையைத் தின்கிற பொய் இது.

கணக்கைப் பாருங்கள். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை இருந்த காலத்தில் வாங்கிய கிரெடிட் கார்டு. விபத்தில் கால் போகிறது, வேலையும் போகிறது. பாக்கி ஒரு லட்சம். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி மட்டும் 3,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. வருவாய்த் துறை கொடுக்கும் உதவித்தொகையோ, 2023 ஜனவரியில் உயர்த்திய பிறகு 1,500. அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாலும் வட்டியில் பாதி அடையாது. ஆனாலும் கொட்டுகிறார்கள். தண்டலுக்கு வாங்கியாவது 'மினிமம்' கட்டுகிறார்கள். கார்டு கடனுக்கு அடமானம் இல்லை என்பார்கள். இந்தப் பயத்தைவிடப் பெரிய அடமானம் எந்த வங்கிக்கு வேண்டும்?

கடன் கட்ட முடியாமை குற்றமல்ல, சிவில் விவகாரம். கையில் பணத்தை வைத்துக்கொண்டே ஏய்ப்பவனை விடுங்கள். இல்லாமையால் கட்ட முடியாதவனைச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980இல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதிவிட்டார். வழக்கில் வங்கி ஜெயித்தாலும் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் ஏஜென்ட் போன் செய்யக் கூடாது என்பது 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. லோக் அதாலத் நோட்டீஸைக் கண்டு வாரன்ட் என்று நடுங்குகிறார்கள். அது சமரசம் பேச அழைக்கும் கடிதம், அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். ஆட்டோ டெபிட் திரும்பினாலும் வழக்குப் போட 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா, தீர்வு முறைமைகள் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே 'செட்டில்மென்ட்' என்று சொல்லிப் பின்தேதி செக் கேட்டால் கொடுக்காதீர்கள். கார்டு கொடுத்த வங்கியிலேயே உதவித்தொகை விழுகிறதா? கடனுக்குப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேறு வங்கிக்கு மாற்றுங்கள். சிபில் மதிப்பெண் விழும், உண்மைதான். இனிக் கடன் கிடைக்காமல் போவது 1,500 ரூபாயில் வாழ்பவருக்கு நஷ்டமா, நிம்மதியா?

"வாங்கினவன் கட்ட வேண்டாமா?" கட்ட முடிந்தவன் கட்டட்டும். முடியாதவனுக்கென்றே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, 1909 முதல், சென்னை மாநகருக்குத் திவால் சட்டம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நாம் அதை மஞ்சள் கடுதாசி என்று ஏளனம் செய்கிறோம். கம்பெனி திவாலானால் தொழில் நஷ்டம், வியாசர்பாடிக்காரர் திவாலானால் மானக்கேடு. இது எந்த ஊர் நியாயம்?

மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் தரச் சொல்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அடுத்த தடவை "போலீஸோட வருவேன்" என்று ஏஜென்ட் மிரட்டினால், எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, இலவசச் சட்ட உதவி எண் 15100க்குப் போன் போடுங்கள்.