ஸ்பிரிங் தாங்கும்... பிளேட் தாங்குமா?

ஹாய் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மக்களே! (ஆர்ட்ஸ் குரூப்பும் உள்ளே வரலாம். கூட்டல், கழித்தல் தெரிஞ்சா போதும்.) இந்த வாரம் ஆஸ்திரேலியா போறோம். கங்காரு பார்க்க இல்லீங்க, வண்டியை எடை போட!

அங்கே டூர் போறதுன்னா சும்மா இல்லை. நல்லர்பார் சமவெளியில் ஒரு ரோடு 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் நேரா போகும். வடமேற்கில் கிப் ரிவர் ரோடு சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பாலும் மண் ரோடு, அதுவும் துணி துவைக்கிற பலகை மாதிரி வரி வரியா! ரிட்டயர் ஆன தாத்தா, பாட்டிகள் ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை வாங்கி, பின்னால் கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு மாசக்கணக்கில் சுத்துகிறார்கள். செல்லப் பெயர், ‘கிரே நோமாட்ஸ்’. நரைச்ச நாடோடிகள்! கேரவன்னதும் ஷூட்டிங்கில் ஹீரோ ஏறி உட்கார்றதை நினைக்காதீங்க. இது சக்கரம் வெச்ச குட்டி வீடு.

பிரச்னை, எடை. ஒவ்வொரு வண்டிக்கும் ஜி.வி.எம். என்று ஒரு நம்பர் உண்டு. வண்டி, ஆள், டீசல், சாமான், கொக்கியில் அழுத்துகிற கேரவன் பாரம் எல்லாம் சேர்த்து சட்டப்படி எவ்வளவு இருக்கலாம் என்கிற எல்லை அது. ஒரு டபுள் கேபின் பிக்கப்பை எடுத்துக்குவோம். நம்பர் கணக்குக்காக நான் வெச்சது. ஆனா அங்கே நிஜமா ஓடுகிற வண்டிகளுக்கு ரொம்பத் தள்ளி இல்லை. காலி எடை 2,200 கிலோ, ஜி.வி.எம். 3,200. அப்போ 1,000 கிலோ ஏத்தலாம். அடேயப்பா, ஒரு டன்!

இருங்க. நாலு பேர் 300 கிலோ. முன்னாடி இரும்பு பம்பர் 60, வின்ச் 30, பின்னாடி கூடு, டிராயர் எல்லாம் 200, கூரை மேல ரேக்கும் டென்ட்டும் 90, ரெண்டாவது பேட்டரியும் ஃப்ரிட்ஜும் 60, எக்ஸ்ட்ரா டீசல் 50, தண்ணி 60. மொத்தம் 850. இன்னும் சட்டை துணியே எடுத்து வைக்கலை! 3,000 கிலோ கேரவன் என்றால், அதில் சுமார் பத்து சதவீதம் கொக்கி வழியாக வண்டி மேலே உட்காரும். அது ஒரு 300. ஆக 1,150. எல்லையைத் தாண்டி 150 கிலோ.

இங்கேதான் ‘ஜி.வி.எம். அப்கிரேடு’ வருது. கனமான ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், தேவைப்பட்டால் அதிக பாரம் தாங்கும் வீல், டயர், பிரேக் எல்லாம் போட்டு எல்லையை 3,500-ஆக உயர்த்தலாம். ஆனா ஸ்பிரிங் மாத்தினதும் எல்லை தானா உயர்ந்துடாது பாஸ். நூறு பேர்ல பாதிப் பேர் கோட்டை விடுகிற இடம் இதுதான்னு அடிச்சுச் சொல்வேன். சும்மா கடையில் ஸ்பிரிங் மாத்தினா வண்டி நிமிர்ந்து நிக்கும், அவ்வளவுதான். சட்டத்துக்கு அது பழைய 3,200 வண்டிதான். டெஸ்ட் பண்ணி அனுமதி வாங்கின கிட்டா இருக்கணும், புது நம்பர் அடிச்ச பிளேட்டை வண்டியில் ஒட்டணும்.

அதிலும் ரெண்டு ரூட். புது வண்டியை முதல் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே மாத்தினால் மத்திய அரசின் அனுமதி. நாடு முழுக்கச் செல்லும். (இதற்கான இப்போதைய சட்டம் 2018-ல் நிறைவேறி, 2021 ஜூலை 1-ல் முழுசா நடைமுறைக்கு வந்தது.) ரிஜிஸ்டர் ஆன பிறகு என்றால் அந்தந்த மாநில விதி, அங்கீகாரம் பெற்ற இன்ஜினீயரின் சான்றிதழ். வாங்கும்போதே யோசிக்கிறவருக்கு முதல் ரூட்தான் நிம்மதி.

சரி, 3,500 ஆயாச்சு. நம்ம வண்டி 3,350. பாஸ்! கிளம்பலாமா?

நில்லுங்க. ஜி.சி.எம். என்று இன்னொரு நம்பர் இருக்கு. வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எல்லை. நம்ம வண்டிக்கு 6,000 என்று வைப்போம். வண்டி 3,350. கேரவனில் 300 கிலோ ஏற்கெனவே வண்டி மேல உட்கார்ந்தாச்சு, மீதி 2,700. கூட்டினால் 6,050! சில ஆயிரம் டாலர் செலவழிச்சும் 50 கிலோ ஓவர். ஜி.வி.எம். உயர்ந்தால் ஜி.சி.எம். கூடவே உயரணும்னு ஒண்ணுமில்லை. விளம்பரத்தில் முதல் நம்பர் பெரிய எழுத்தில் இருக்கும். ரெண்டாவதை நீங்கதான் கேட்கணும்.

அடுத்து, ஃபர்ஸ்ட் இயர்ல தூங்கினவங்க எழுந்திரிங்க, மொமென்ட்! பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னால இருக்கு, வீல்பேஸ் 3.2 மீட்டர். கொக்கியில் 300 கிலோ வெச்சா பின் அச்சு மேல ஏறுறது 300 இல்லை, சுமார் 412. மீதி 112 எங்கேருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. அதாவது ஸ்டியரிங் பண்ற சக்கரம் லேசாகுது. பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்கரத்தை நம்பித்தான் நாலு உயிர் உள்ளே இருக்கு. அதனால ரெண்டு அச்சுக்கும் தனித்தனி எல்லை உண்டு. மொத்தம் சரியா இருந்தும் பின் அச்சு தாண்டிப் போகலாம். பின்பக்கம் தொங்குதேன்னு ஏர் பேக் ஊதி நிமிர்த்தி, ஓவர் லோடோட குண்டு குழியில் ஓட்டி, சேஸிஸ் வளைஞ்ச பிக்கப் கதைகள் அங்கே நிறைய. பார்க்க லெவலா இருக்குங்கறது அளவுகோல் இல்லை.

ஓவர் லோடுன்னு தெரிஞ்சால் ஃபைன் ஒரு பக்கம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க அது ஒரு காரணமாகலாம். இன்னொரு பக்கம், ஆசைப்பட்டு எல்லையை ரொம்ப ஏத்தினாலும் சிக்கல். 4.5 டன்னைத் தாண்டினால் சாதாரண கார் லைசென்ஸ் செல்லாது.

நம்ம 50 கிலோவுக்கு வருவோம். முழுசா லோடு பண்ணி, ஆட்களோட எடை மேடைக்குப் போங்க. அச்சு அச்சா எடை போடுங்க, கேரவன் மாட்டி ஒருமுறை, கழட்டி ஒருமுறை. அப்புறம் கேரவனின் தண்ணி டேங்கைப் பாருங்க. 90 லிட்டரில் ரெண்டு டேங்க் இருந்தால் 180 கிலோ. ஊருக்குப் பக்கத்தில் போய் நிரப்பிக்கலாம்னா 6,050 இப்போ 5,870. செலவு, பைசா இல்லை. தண்ணியே கிடைக்காத ரூட்டா? அப்போ கூரை மேல இருக்கிற டென்ட்டை இறக்குங்க, கேரவன்ல கட்டில்தான் இருக்கே! எதை இறக்கினாலும் கொக்கி பாரமும் அச்சு பாரமும் மாறும். எடை மேடைக்கு இன்னொரு நடை போயிட்டு வந்துடுங்க.