மலிவு விலை வலை!

மாதனூரிலும் ஆம்பூரிலும் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் பாடுபடும் தொழிலாளர்கள், சீட்டுப் பணம் சேர்த்துப் பழைய பைக் வாங்க நினைக்கிறார்கள். அந்தப் பணத்தின்மீதுதான் மோசடிக் கும்பலுக்குக் கண்!

ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்களில் பாதி விலைக்கு வண்டி விளம்பரம். “நான் ராணுவ வீரன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் அனுப்பு” என்ற பசப்பு. கூடவே போலி அடையாள அட்டை. பணம் போனபின் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை! நாம் ஒரு பீரோவை விற்க முனைந்தாலோ, “பணம் தர கியூ.ஆர். கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்” என்பான். தோழர்களே, பணம் பெற ரகசிய எண் தேவையில்லை. அதைப் போட்டால் போவது நம் பணமே!

வண்டியையும் ஆர்.சி.யையும் நேரில் பார்க்காமல் காசு கொடாதீர். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்; உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். தாமதம் திருடனுக்கே லாபம். விளம்பரத்தில் லாபம் காணும் கம்பெனிகள் நஷ்டத்துக்கும் பொறுப்பேற்கட்டும்!