குறுக்கு வலியும் சுவர்க் காலண்டரும்

ஒரு ஸ்திரீ தனக்குக் குறுக்கு வலிக்கிறது என்று சொன்னால், பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசியின் மேல் பழியைப் போட்டோ, வெள்ளைப்படுவதால் எலும்பு உருகுகிறது என்று தீர்ப்புச் சொல்லியோ, நம் வீட்டுப் பெரியவர்கள் விசாரணையை அந்த நிமிஷத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாமே தவிர, வருஷக்கணக்கான வேதனைக்கு அதைக் காரணமாக்க ஆராய்ச்சிகள் இடம் தரவில்லை. வெள்ளைப்படுவதால் எந்த எலும்பும் உருகுவதுமில்லை.

ஆனால் படித்த வைத்தியர்களும் வேறொரு வழியில் இதே அவசரத்தைக் காட்டுகிறார்கள் என்பதே என் குறை. முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ‘ஜவ்வு பிதுங்கியிருக்கிறது’ என்று எழுதி வந்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்பதில்லை. 1994-ல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை இப்படிப் படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஜவ்வுப் பிதுக்கம் காணப்பட்டது. ஆகவே ஜவ்வு பிதுங்கியிருப்பது ஒன்று, வலிப்பது அந்த ஜவ்வுதான் என்பது முற்றிலும் வேறொன்று.

குறுக்கு வலி முதுகெலும்பிலிருந்தும் வரலாம், கர்ப்பப்பையிலிருந்தும் வரலாம். முதுகெலும்பின் வலி பெரும்பாலும் அசைவுக்குக் கட்டுப்பட்டது. குனிந்து குடத்தைத் தூக்கினாலும், நெடுநேரம் உட்கார்ந்தாலும் அது ஏறும்; நரம்பு நசுங்கியிருந்தால் பிருஷ்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே பாதம் வரை கோடு கிழித்தாற்போல் இறங்கும்; தும்மினால் சுரீரென்று இழுக்கும். கர்ப்பப்பையைச் சார்ந்த வலியோ அநேகமாகத் திதி பார்த்து வருவது. மாதவிலக்குக்குச் சில தினங்கள் முன்பே இடுப்பின் அடியில் மந்தமாகத் தொடங்கி, அடிவயிற்றிலும் தொடையிலும் பரவும். கர்ப்பப்பையின் கழுத்தைப் பின்புறத் திரிகாஸ்தியோடு பிணைக்கும் நார்களின் மேல், கர்ப்பப்பையின் உட்பூச்சைப் போன்ற திசு முளைத்துவிடுவதுண்டு. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் இந்த வியாதியில், விலக்கு நாட்களில் மலம் கழிப்பதும், தாம்பத்திய உறவும்கூட வேதனையாகிவிடும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. கர்ப்பப்பை இறக்கத்தின் வலி, மாலையில் கனமாகி, படுத்தால் தணியும். ஆனால் படுத்தால் தணிவது முதுகெலும்பு வலிக்கும் உண்டு என்பதால், அந்த ஒரு லக்ஷணத்தை நம்பித் தீர்ப்புக் கூற நான் துணியமாட்டேன். அபூர்வமாக எண்டோமெட்ரியோசிஸ் திசு கால் நரம்பின் மேலேயே படர்ந்து, மாதந்தோறும் ஜவ்வு வலியைப் போலவே நடிப்பதும் உண்டு.

ஆகையால் படத்துக்கு அனுப்புமுன், கடைசியாக விலக்கானது எப்போது, வலி அதோடு சேர்ந்து வருகிறதா என்ற இரண்டு கேள்விகளை எலும்பு வைத்தியரும் கேட்டாக வேண்டும். புருஷனும் அடுத்த நோயாளியும் பக்கத்தில் நிற்கையில் எந்தப் பெண்ணும் இதற்கு மனம்விட்டுப் பதில் சொல்லமாட்டாளாதலால், ஒரு திரைச்சீலையாவது வேண்டும். பெண்களும் பால் கணக்கு எழுதும் அதே காலண்டரில், வலித்த நாளையும் விலக்கான நாளையும் மூன்று மாதம் குறித்துக்கொண்டு போவார்களானால், வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம்.

சிறுநீர் அடைத்துக்கொண்டவர்கள், உட்காரும் இடம் மரத்துப்போனவர்கள், கால் தளர்ந்தவர்கள், காய்ச்சலோடு முதுகு வலிப்பவர்கள், நாள் தள்ளிப்போயிருக்கையில் திடீரென வயிறு வலித்து மயக்கம் வருபவர்கள், இவர்கள் மட்டும் காலண்டரைப் புரட்டிக்கொண்டிராமல் அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியவர்கள்.