அக்கறையும் ஓர் அதிகாரம்தான்

கேட் சோப்பின் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை' 1894 டிசம்பரில் அமெரிக்காவின் வோக் இதழில் வெளிவந்தது. அச்சில் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும் கதை. இதய நோயாளியான திருமதி மல்லார்டிடம், கணவர் பிரென்ட்லி ரயில் விபத்தில் இறந்துவிட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்கிறார்கள். கதறி அழுகிறாள். பிறகு தனியறைக்குப் போய், இனி வரும் ஆண்டுகளெல்லாம் தனக்கே சொந்தம் என்று உணர்ந்து பூரிக்கிறாள். அவள் படியிறங்கி வரும்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு கணவரே உள்ளே வருகிறார். விபத்து நடந்த பக்கமே அவர் போயிருக்கவில்லை. அவள் அந்த இடத்திலேயே இறந்துபோகிறாள். மகிழ்ச்சி தாங்காத இதயம் என்கிறார்கள் மருத்துவர்கள். வகுப்பறைகளில் இந்த முடிவைத்தான் முரண்நகைக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். தவறில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் கதை வெறும் கடைசி நேரத் திருப்பமாகச் சுருங்கிவிடும். உண்மையான முரண் முதல் வாக்கியத்திலேயே தொடங்கிவிடுகிறது: அந்தப் பெண்ணைக் கட்டிப்போட்டிருப்பது அவளைச் சுற்றியிருப்பவர்களின் அக்கறை.

குடும்ப நண்பர் ரிச்சர்ட்ஸ் செய்வதைக் கவனியுங்கள். செய்தித்தாள் அலுவலகத்தில் இருக்கும்போது விபத்துச் செய்தி வருகிறது. இறந்தவர்கள் பட்டியலில் பிரென்ட்லியின் பெயர்தான் முதலில். இரண்டாவது தந்தியில் அதை உறுதி செய்துகொண்டு, பக்குவம் இல்லாத வேறு யாரும் முந்திவிடக் கூடாதென்று விரைந்து வருகிறார். திருமதி மல்லார்டின் சகோதரி ஜோசஃபின் செய்தியைத் துண்டு துண்டாக, பாதி மறைத்துச் சொல்கிறாள். திருமதி மல்லார்ட் எதை, எப்போது, எவ்வளவு அறிய வேண்டும் என்பதைப் பிறரே தீர்மானிக்கிறார்கள். யாரும் பின்தொடர வேண்டாமென்று அறைக்குள் போன பிறகுதான் அவளுக்கு உலகம் நேரடியாகக் கிடைக்கிறது: திறந்த ஜன்னல், மழை வாசனை, தெருவில் கூவி விற்பவனின் குரல், கூரையோரச் சிட்டுக்குருவிகள். அதுவரை அவள் கணவர் பெயரால் மட்டுமே அறியப்பட்டவள். லூயீஸ் என்ற அவளுடைய சொந்தப் பெயர் அந்தத் தனிமைக்குப் பிறகே முதன்முறையாக நம் காதில் விழுகிறது. அதுவும் சாவித் துவாரத்தின் வழியே, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்ற ஜோசஃபினின் கெஞ்சலோடு. முடிவில், கணவர் அவள் கண்ணில் படாதபடி மறைக்கப் பாய்கிறார் ரிச்சர்ட்ஸ். மரணச் செய்தியை முந்திக்கொண்டு கொண்டுவந்தவர், உயிரோடு வந்தவரை மறைக்கும்போது பிந்திவிடுகிறார். அவள் இதயத்தைப் பற்றி எந்நேரமும் கவலைப்பட்ட ஒருவருக்கும் அந்த இதயத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

பிரென்ட்லி அன்பான கணவர்தானே, அவருடைய சாவில் மகிழ்வது நன்றி கெட்டதனம் அல்லவா என்று கேட்கலாம். அவர் தன்னை அன்போடு மட்டுமே பார்த்தவர் என்பதை லூயீஸ் மறுக்கவில்லை. அவர் உடலைக் காணும்போது மறுபடி அழுவோம் என்றும் அவளுக்குத் தெரியும். சோப்பின் அவரைக் குடிகாரராகவோ அடிக்கிறவராகவோ எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கூடவே கதையும் செத்திருக்கும். கெட்ட கணவர் கிடைத்ததுதான் சிக்கல் என்று வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். நல்லெண்ணமோ கெட்ட எண்ணமோ, ஒருவர் விருப்பத்தை இன்னொருவர் மேல் திணிப்பது குற்றமே என்ற இடத்துக்கு லூயீஸ் வந்து சேர்கிறாள். அந்தக் குற்றத்தை ஆண், பெண் இருவரும் செய்கிறார்கள் என்றும் நினைக்கிறாள். மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவருடையதில் கரைந்துவிடும் என்ற பழைய ஆங்கிலப் பொதுச்சட்ட மரபை அமெரிக்க மாநிலங்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத் தளர்த்திவந்தன. சொத்துரிமையைச் சட்டத்தால் கொடுக்க முடியும். வீட்டுக்குள் ஒருத்தி எதைக் கேட்கலாம், எதைத் தாங்குவாள் என்று பிறர் முடிவெடுப்பதைச் சட்டம் தொடுவதில்லை.

இன்னும் கடுமையான மறுப்பும் உண்டு. லூயீஸிடம் இருப்பது சுதந்திர வேட்கை அல்ல, நோய்வாய்ப்பட்ட சுயமோகம் என்று விமர்சகர் லாரன்ஸ் பெர்கோவ் 2000-இல் வாதிட்டார். அவளுடைய பரவசத்தில் காய்ச்சலின் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் சுதந்திரத்தை ஒரு மணி நேரமே ருசித்தவளிடம், அதைப் பரம்பரைச் சொத்தாக அனுபவித்தவரின் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமா? அவளைத் தண்டிப்பதுதான் ஆசிரியரின் நோக்கம் என்றால், கடைசிச் சொல்லை அப்பட்டமாகத் தவறான தீர்ப்பு சொல்லும் மருத்துவர்களிடம் கொடுத்திருக்க மாட்டார். உண்மை வாசகருக்கு மட்டுமே தெரியும். முரண்நகை நம்மைச் சாட்சியாக நிறுத்துகிறது.

சரி, அவள் ஏன் சாக வேண்டும்? 1899-இல் வந்த சோப்பினின் 'விழிப்பு' நாவலின் நாயகியும் கடலில்தான் முடிகிறாள். தன் விருப்பப்படி வாழ்ந்து பிழைத்திருக்கும் மனைவியைச் சோப்பினால் கற்பனை செய்ய முடியவில்லையா? முடிந்தது. 1898-இல் எழுதிய 'புயல்' கதையில் கலிக்ஸ்டா, கணவரும் மகனும் வெளியே மாட்டிக்கொண்ட மழைநேரத்தைப் பழைய காதலனோடு கழிக்கிறாள். அவர்கள் திரும்பி வந்ததும் சிரித்த முகத்தோடு சாப்பாடு பரிமாறுகிறாள். குற்றவுணர்வும் இல்லை, தண்டனையும் இல்லை. சோப்பின் 1904-இல் இறந்தார். அந்தக் கதை அச்சேறியது 1969-இல்.